பதினாலாம் இலக்கக் கங்காருவும் என் கொப்பியும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் முதலில் என் அனுதாபங்கள். இனி மொன்றியலில் எந்தத் தமிழ்க் கலியாண வீட்டுக்குப் போனாலும், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பவரிடம் "கங்காரு பார்க்கிறன்" என்று சொல்ல வேண்டிவரும். கேட்டவர் கணக்காளராக இருப்பார், அல்லது கணக்காளரைப் பெற்றவராக இருப்பார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கும் சம்பளம் குடுக்கினமோ?" என்பார். இருபத்தாறு வருடம் அந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவன் நான். என் மனைவி அவ்வளவு பொறுமைசாலி அல்ல. நான் மிருகப் பூங்காவில் மனேச்சர் என்று சொல்லிவிடுவாள். அது முழுப் பொய்யும் இல்லை. அங்கே நான் பெரும்பாலும் நிர்வகித்தது சாணத்தை.

கடந்த செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றேன். சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசாகத் தந்தார்கள். அது நாளொன்றுக்கு மூன்று நிமிடம் முந்தி ஓடுகிறது. நான் எல்லாவற்றையும் திகதி போட்டுக் கொப்பியில் எழுதி வைப்பவன் என்பது பூங்காவில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கடிகாரம் தந்தார்கள் என்று நினைக்கிறேன். வேண்டுமென்றேதான் பழுதானதாகப் பார்த்து வாங்கினார்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

உணவு எவ்வளவு, வைக்கோல் எந்த வகை, கொட்டிலின் சூடு எத்தனை பாகை என்பதையெல்லாம் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கையேடு நன்றாக இருக்கிறது, யாரும் திறக்காததால் புதிதாகவும் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதில் ஒரு பிழை இருக்கிறது, அந்தப் பிழை என்னுடையது.

பருவ காலத்தில் சனி, ஞாயிறுகளில் பார்வையாளர்களுக்குக் கங்காருவைப் பற்றிப் பேசுவதும் உங்கள் வேலைதான். கேள்விகள் மாறுவதே இல்லை. கங்காரு குத்துச்சண்டை போடுமா? போடும். ஆண்கள் தங்களுக்குள், பெண்களுக்காக, வாலில் ஊன்றி நின்று பின்கால்களால் உதைத்துக்கொள்ளும். காரணம் எங்கள் சங்கத் தேர்தல் சண்டைகளைவிடத் தெளிவானது. வால் எதற்கு? மெதுவாக நடக்கும்போது ஐந்தாவது கால், தாவும்போது சமநிலை. வெயிலில் முன்கைகளை ஏன் நக்குகிறது? அந்த ஈரம் காய்ந்து உடம்பு குளிர்வதற்கு. பின்பக்கமாக நடக்குமா? ஏறக்குறைய முடியாது. பின்வாங்கத் தெரியாத வேறு சில உயிரினங்களும் எங்கள் பூங்காவில் உண்டு, அவற்றைப் பற்றிப் பிறகு.

கடைசியில் பை. பைக்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். அதற்காக என்னிடம் ஒரு பிளாஸ்டிக் மாதிரி இருந்தது, வயிற்றில் திறந்து மூடச் சிப் வைத்தது. பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, பாதி பிரெஞ்சும் பாதி ஆங்கிலமுமாக இப்படிச் சொல்வேன்: கங்காரு கருவைச் சுமப்பது ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலந்தான். பிறக்கும் குட்டி ஒரு அவரை விதையளவு. கண் இல்லை, மயிர் இல்லை. தானாகவே தாயின் மயிரைப் பிடித்து ஏறிப் பைக்குள் போய் முலைக்காம்பில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது மாதமளவில் தலையை வெளியே நீட்டும், ஆறாவதில் இறங்கிப் பார்க்கும், எட்டாவதில் வீட்டை விட்டுப் போகும். இனித்தான் அதிசயம். குட்டி பிறந்த ஓரிரு நாளிலேயே தாய் மறுபடியும் கருத்தரித்துவிடும். ஆனால் பைக்குள் ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் புதுக் கரு வளராது. கடுகளவாகக் காத்திருக்கும். பை காலியாகும்போது மட்டும் வளரத் தொடங்கி, ஒரு மாதத்தில் பிறக்கும். அப்பன் அப்போது எந்த ஊரில் இருக்கிறானோ, அது அதற்குக் கவலையில்லை.

இந்த இடத்தில் தகப்பன்மார் சிரிப்பார்கள், தாய்மார் சிரிக்கமாட்டார்கள். எத்தனையோ வருடமாக இதை ஒப்புவித்திருக்கிறேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு விடயத்தை வாயால் சொல்லத் தெரிவது வேறு, அது கண்முன்னே நடக்கும்போது அடையாளம் காண்பது வேறு என்பதை எனக்குக் கற்றுத்தந்த ஆசிரியைக்குப் பெயர் இல்லை. காதில் பதினாலு என்று ஒரு வில்லை மட்டும் இருந்தது. பலகையில், நன்கொடை தந்த ஒரு குடும்பம் அவளுக்கு அழகான பிரெஞ்சுப் பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவள் திரும்பியதில்லை. பதினாலு என்றாலும் திரும்பியதில்லை.

நான் சொல்லப்போவது என் கடைசிக்கு முந்திய குளிர்காலத்தில் தொடங்குகிறது. கொட்டிலில் பதினாலோடு சேர்த்து மூன்று பெண் கங்காருக்கள் இருந்தன. பெரிய ஆணைச் செப்டம்பர் நடுவில் வேறொரு பூங்காவுக்கு லொறியில் அனுப்பியாயிற்று. அடுத்த அடைப்பில் இரண்டு வயதான ஓர் இளம் ஆண் தனியாக நின்றான். அவன் பதினாலின் மகன். இந்த இரண்டு அடைப்புகளுக்கும் நடுவே ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள். தாய்க்கும் மகனுக்கும் குட்டி பிறக்கக்கூடாது என்பதற்காக அந்தத் தாழ்ப்பாள் எப்போதும் போட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு நாட்டையே இதைவிடக் குறைந்த ஏற்பாட்டில் நடத்துகிறார்கள்.

என்னோடு வேலை செய்தவள் மீனா. கரூர்ப் பக்கத்துப் பெண். மிருகவைத்திய உதவியாளர் படிப்புப் படித்தவள், முப்பது வயதிருக்கும். சென்ட் லோரன்டில் ஓர் அடுக்குமாடியில் கணவனோடும் மகளோடும் இருந்தாள். அவளுடைய வேலை அனுமதிப் பத்திரத்தில் எங்கள் பூங்காவின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. வேறு இடத்தில் அவள் வேலை செய்ய முடியாது. துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்த கணவனின் அனுமதியும் அவளுடையதில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிரெஞ்சு பேசத் தொடங்கியிருந்தாள். ஆக, ஒரு குடும்பம் முழுவதும் கங்காருவின் பைக்குள் இருந்தது என்று சொல்லலாம். மீனா என்னை அங்கிள் என்பாள். நான் பிள்ளை என்பேன். சாம்பாரா குழம்பா என்பதைத் தவிர எங்களுக்குள் தகராறு இருந்ததில்லை.

நவம்பர் முதல் வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. பணிப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் முன்பு ஹோட்டல் நடத்தியவர். மிருகங்களை, வாடகை கட்டாத விருந்தாளிகளாகவே பார்த்தார். முதல் பனி விழுவதற்கு முன் கங்காருக்கள் கூட்டமாகத் தாவுவதை வானிலிருந்து படம் பிடித்து இணையத்தில் போட வேண்டும். அதற்காகத் தானே வாங்கிய ட்ரோனோடு வந்திருந்தார். கங்காருவுக்கு மேலே எது பறந்தாலும் அதற்கு அது கழுகு என்று நான் சொன்னேன். என் பிரெஞ்சைத் திருத்திவிட்டு ட்ரோனை ஏற்றினார்.

கூட்டம் தாவியது, அந்த அளவில் அவருக்கு வெற்றிதான். ஒன்று நிலத்தைப் பின்காலால் அறைந்து எச்சரித்தது, மூன்றும் மூன்று திசையில் பாய்ந்தன. பதினாலின் பையில் ஆறு மாதக் குட்டி ஒன்று இருந்தது. உயிருக்குப் பயந்து ஓடும் தாயின் பை இளகும். குட்டி இறுகிய மண்ணில் விழுந்தது. மயிர் முளைத்த, குச்சிக் கால்களுள்ள ஒரு பிராணி, இருமுவதுபோல் ஒரு சத்தம்.

தாயைப் பிடித்துக் குட்டியை உள்ளே வைக்கும்படி பணிப்பாளர் சொன்னார். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் கால் தானாக ஓரடி வைத்தது. இருபத்து நான்கு வருட அனுபவம் அந்த ஓரடியில் இருந்தது. மீனா கையை நீட்டி என்னை மறித்தாள். பிரெஞ்சில் ஒரு சொல்லும் இல்லாமல் பணிப்பாளரையும் மறித்தாள்.

"யாரும் அசையாதீங்க. துரத்தினா அவ செத்துருவா, அங்கிள்."

அவள் சொன்னது சரி. மிரண்ட கங்காருவைத் துரத்தினால், பிடிபட்ட பிறகும், சில மணி நேரத்திலோ சில நாளிலோ, தசை கெட்டு விழுந்து செத்துப்போகும். இது எனக்குத் தெரியும். அதையும் பிளாஸ்டிக் மாதிரியை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். மீனா தன் ஜக்கெட்டைக் கழற்றிக் குட்டியின் மேல் கூடாரம்போல் வைத்துவிட்டுப் பின்னால் வந்தாள். நாங்கள் நின்றோம். இரண்டே காலிலிருந்து இரண்டு நாற்பது வரை நின்றோம். பதினாலு வந்தாள், முகர்ந்தாள், யோசித்தாள், போய்விட்டாள். அதன்பிறகுதான் மீனா குட்டியை எடுத்துத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து மூன்று மாதம் அவளுடைய கழுத்தில் ஒரு துணிப் பை தொங்கியது. மூன்று மணிக்கொருதரம் பால். பசுப்பால் கூடாது, தனியான பால்மா கரைக்க வேண்டும். பஸ்ஸில், மெற்றோவில், கார்டரி வாசலில், அந்தப் பையோடேயே போனாள். கார்டரி ஆசிரியை ஒருத்தி குழந்தை எத்தனை மாதம் என்று அன்பாகக் கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாளாம். குட்டி பிழைத்தது. தன்னை மீனாவின் இரண்டாவது பிள்ளை என்று நம்பி வளர்ந்தது. பணிப்பாளரின் படத்துக்கும் இணையத்தில் நல்ல வரவேற்பு. குட்டி விழும் இடத்தை வெட்டிவிட்டு இசை சேர்த்திருந்தார்.

என் கொப்பியில் இதெல்லாம் இருக்கிறது. அதே நவம்பரில், கடைசி வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு வரியும் இருக்கிறது. இதுதான் அது: "காலை 7.10. நடுக்கதவுத் தாழ்ப்பாள் போடப்படவில்லை. ஆண் தன் அடைப்பில்தான் நிற்கிறான். முதல்நாள் மாலைப் பணி: மீனா." மூன்று குறுகிய வசனங்கள், ஒரு பெயர். எழுதிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன். அதை ஒரு பெரிய விடயமாக நினைக்கவில்லை.

இப்போது மே மாதம் முதல் வாரத்துக்கு வாருங்கள். பூங்கா பருவகாலத்துக்குத் திறந்த முதல் சனிக்கிழமை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பிளாஸ்டிக் மாதிரியை நீட்டிக்கொண்டிருக்கையில், ஒரு சிறுமி என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் கையை நீட்டினாள். பதினாலின் பையிலிருந்து ஒரு காது வெளியே வந்திருந்தது. பிறகு மற்றக் காது. பிறகு இவ்வளவு நாளும் உள்ளே இருந்து என் பேச்சைக் கேட்டுச் சலித்ததுபோல ஒரு முகம்.

பணிப்பாளர் முதலில் மகிழ்ந்தார், படம் எடுத்தார். பிறகுதான் ஆண் யார் என்ற கேள்வி வந்தது. பெரிய ஆண் போய் எட்டு மாதமாகிறது. மிச்சம் இருப்பது மகன் ஒருவன்தான். பூங்காக்கள் தங்களுக்குள் வம்ச விபரம் வைத்துக்கொள்ளும், தாய்க்கும் மகனுக்கும் பிறந்த குட்டி இருக்கும் பூங்காவுக்கு யாரும் விலங்கு தரமாட்டார்கள். மேற்கிலிருந்து வரவிருந்த மூன்று கங்காருக்கள் இனி வராமல் போகலாம். இப்படியானவற்றுக்கென்று பூங்காவில் ஒரு படிவம் இருக்கிறது. அதில் காரணம் எழுத ஒரு பெட்டி, 'பொறுப்பான ஊழியர்' என்று இன்னொரு பெட்டி. முதற்பெட்டி சின்னது, இரண்டாவது பெரியது. யார் அச்சடித்தார்களோ, அவர்களுக்கு உலகம் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மீனாவையும் என்னையும் பணிப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார். கதவு எப்போதாவது திறந்திருந்ததா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு "எனக்குத் தெரியாது" என்று ஒரு பதில் உண்டு. உலகத்தில் உள்ள ஊழியர்கள் பெரும்பாலோர் அதைத்தான் சொல்வார்கள். நான் என் கொப்பியைத் திறந்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் எழுதியதை யாரும் கேட்டதில்லை. பனி எத்தனை அங்குலம், எந்த நாள் எந்த மிருகம் வயிற்றோட்டம் என்று எழுதி எழுதி, கேட்பாரில்லாமல் அலுமாரி நிறையக் கொப்பி. இன்றைக்கு ஒரு பணிப்பாளர் பேனாவோடு காத்திருக்கிறார். மீனா ஏதோ சொல்லத் தொடங்கினாள். "இல்ல சார், அன்னைக்கு நான்..." என்றவரை கேட்டது. நான் பக்கத்தைக் கண்டுபிடித்து வாசிக்கத் தொடங்கிவிட்டேன். நவம்பர் கடைசி வியாழன் இரவு கதவு திறந்திருந்தது, ஒரு மாதம் கூட்டினால் டிசம்பர் முடிவில் பிறப்பு, இப்போது குட்டிக்கு நான்கு மாதம் சொச்சம், தலை நீட்டுகிற வயதுக்குக் கொஞ்சம் முந்தியது, ஆனால் பொருந்தும் என்று கணக்கையும் நானே சொல்லிக் கொடுத்தேன். கேட்காமலேயே.

பணிப்பாளர் பெட்டியில் மீனாவின் பெயரை எழுதினார். அடுத்த திங்கள் அவள் அதில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து என்பது வேலை நீக்கத்துக்குப் போடும் நாகரிகமான பெயர். மீனாவும் நானும் வெளியே வந்தோம். துணிப்பையைவிட்டு எப்போதோ வளர்ந்துவிட்ட குட்டி, பழக்கத்தில் அவளுடைய காலடியில் வந்து நின்றது. அவள் அதன் காதைத் தடவிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவப் போனாள்.

அந்தக் கிழமை வீட்டில் நான் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிழை செய்தவன் மனம் நடுங்கும் என்று கதைகளில் வருகிறதல்லவா, எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கொப்பி சரியாக இருந்தது. கொப்பி சரியாக இருக்கும்போது மனம் நடுங்க என்ன இருக்கிறது. மீனாவுக்காகக் கவலைப்பட்டேன், மழைக்குக் கவலைப்படுவதுபோல.

சனிக்கிழமை மிருகவைத்தியர் வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. எங்கள் விவகாரம் அவருக்குத் தெரியாது, வழக்கமான பரிசோதனைக்குத்தான் வந்தார். பதினாலின் நெஞ்சை நான் சொறிந்துகொண்டிருக்க, பையைத் திறந்து குட்டியின் பாதத்தை அளந்தார். கங்காருக் குட்டியின் வயதை அப்படித்தான் பார்ப்பார்கள். அட்டவணையைப் பார்த்துவிட்டு, டிசம்பர் முதல் வாரம் பிறந்தது, முன்பின்னாக ஒரு சில நாள் என்று சொல்லிவிட்டு ஆந்தைகளைப் பார்க்கப் போனார்.

டிசம்பர் முதல் வாரம். கதவு திறந்திருந்தது நவம்பர் கடைசி வியாழன். இடையில் ஒரு கிழமை, அல்லது கொஞ்சம் கூட. கங்காருவுக்கு ஒரு மாதம் வேண்டும். என் முதல் எண்ணம், வைத்தியர் பிழையாக அளந்துவிட்டார் என்பதுதான். அளவுகோலைச் சந்தேகித்தேன், அட்டவணையைச் சந்தேகித்தேன், குட்டியின் பாதத்தைக்கூடச் சந்தேகித்தேன். கொப்பியைச் சந்தேகிக்கவில்லை. பின்வாங்கத் தெரியாத உயிரினங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, பணிப்பாளரை மட்டும் நினைத்துச் சொன்னதல்ல.

தீவனம் கலக்கும் அறைக்குப் போனேன். அலுமாரிக் கதவின் உட்புறத்தில் மீனாவின் பால் அட்டவணை இன்னும் ஒட்டியிருந்தது. ஆறு மாதம், மூன்று மணிக்கொரு வரி, பல நிறப் பேனா. அதன் முதல் வரி: நவம்பர் முதல் வியாழன், மாலை 3.05, குடிக்கவில்லை. இரண்டாவது வரி: 3.40, பாதி குடித்தது.

விரல்விட்டு எண்ணினேன். அந்த வியாழனிலிருந்து டிசம்பர் முதல் வாரத்துக்குச் சரியாக ஒரு மாதம்.

பை காலியாகும்போது மட்டும் வளரத் தொடங்கி, ஒரு மாதத்தில் பிறக்கும். இந்த வசனத்தை நான் எத்தனை சனிக்கிழமை சொல்லியிருப்பேன். பெரிய ஆண் லொறி ஏறுவதற்கு முன்பே, விழுந்த குட்டி பிறந்த மே மாதத்திலேயே விட்டுப்போன கரு அது. ஆறு மாதம் கடுகளவாக உள்ளே காத்துக்கொண்டிருந்தது. ட்ரோன் பறந்தது, குட்டி விழுந்தது, பை காலியானது, இது வளர்ந்தது. கதவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மகன் நிரபராதி. படிவத்தின் முதற்பெட்டியில் எழுத வேண்டிய காரணம் பணிப்பாளரின் கையில் இருந்த பொத்தான். நான் நாட்களைக் கதவிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தேன், பையிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். கொப்பியில் இரண்டு திகதியும் இருந்தன. மூன்று பக்க இடைவெளியில்.

மீனா வெளியே வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் வெளிச்சம் வந்தது, பிறகு பாதியில் நின்றது.

"அப்ப குட்டி என்னால இல்ல. சரி. ஆனா கதவு தெறந்திருந்ததுதானே அங்கிள், அது என் பேர்லதானே இருக்கு? அதுக்கே தூக்கிருவாரு."

அது கவலைக்குரிய கேள்விதான் என்றேன். ஒரு தரந்தானே, மறதி யாருக்கும் வரும், நான் பணிப்பாளரிடம் பேசுகிறேன் என்று பெரிய மனதோடு சொன்னேன். அவள் கையிலிருந்த வைக்கோலைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், அன்னைக்குச் சாயங்காலம் நான் இங்க இல்லவே இல்லீங்க."

துணிப்பைக் குட்டிக்கு அன்று வயிறு சரியில்லை. வைத்தியரின் கிளினிக்குக்குக் கொண்டு ஓட வேண்டியிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு, நீ போ பிள்ளை, உன் மாலைப் பணியை நான் பார்க்கிறேன் என்று சொன்னவன் நான். சுவரில் தொங்கிய பணி அட்டவணையை யாரும் திருத்தவில்லை. மறுநாள் காலை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நான் கொப்பியில் அவள் பெயரை எழுதியிருக்கிறேன்.

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். வியாழன் இரவுக்குரிய என் சொந்தக் குறிப்பு அதே பக்கத்தின் மேலே இருந்தது. "பனி நான்கு அங்குலம். பஸ் நாற்பது நிமிடம் தாமதம். வீடு வர 8.15. இடது முழங்கால் வலி." எட்டேகாலுக்கு ஏன் வீடு வந்தேன் என்று அதில் இல்லை. அது எனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்திருப்பேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் தாழ்ப்பாளைப் போடாமல் ஓடியவன், மறுநாள் அதைக் கண்டுபிடித்து, நேரம் குறித்து, இன்னொருத்தியின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறான்.

"ஏன் பிள்ளை அண்டைக்கு அறைக்குள்ள சொல்லேல்லை?"

"சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க படிக்க ஆரம்பிச்சிட்டீங்க." அவள் என்னைப் பார்க்கவில்லை, வைக்கோலைப் பார்த்தாள். "அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு அங்கிள். ராத்திரி உக்காந்து யோசிச்சேன், ஒருவேள வேற நாளோன்னு. நீங்க தப்பா எழுத மாட்டீங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்கல்ல."

நண்பர்களே, என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு அதுதான்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு முன்பே பணிப்பாளர் அறைக்குப் போனேன். பிளாஸ்டிக் மாதிரியையும் கொண்டு போனேன். என் பிரெஞ்சுக்குப் படம் தேவை. கருவைக் காட்டினேன், பையைக் காட்டினேன், பால் அட்டவணையின் முதல் வரியைக் காட்டினேன், வைத்தியரின் அளவைக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியது பிடிக்கவில்லை. அப்படியானால் யார் பொறுப்பு என்று, பேனாவைப் படிவத்தின் மேல் பிடித்தபடியே கேட்டார்.

"குட்டிக்கு உங்கட ட்ரோன், ஐயா. கதவுக்கு நான்." இதைத் தமிழில் சொல்லிப் பழகிக்கொண்டு போயிருந்தேன். பிரெஞ்சில் ஐயா இல்லாமலும் இன்னும் கொஞ்சம் மரியாதைக் குறைவாகவும் வந்தது.

அவர் பேனாவை மூடி வைத்தார். ட்ரோனை ஊழியர் என்ற பெட்டியில் எழுத முடியாது என்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் படிவத்தைக் கிழித்தார். குட்டி "இயற்கை நிகழ்வு" ஆனது. வைத்தியரின் கடிதத்தோடு வம்ச விபரம் போனது, மேற்கிலிருந்து மூன்று கங்காருக்களும் வந்தன. இயற்கை நிகழ்வைப் பற்றி ஜூன் மாதம் இன்னொரு படம் எடுக்கலாம் என்று அவர் ட்ரோனோடு வந்தபோது அதன் பற்றரியைக் காணவில்லை. யார் எடுத்தது என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கடைசியில் அந்தப் பதிலையும் கற்றுக்கொண்டேன். கொப்பியிலும் எழுதவில்லை.

மீனா இருக்கிறாள், நீங்கள் தினமும் பார்ப்பவள்தான். இப்போது அனுமதிப் பத்திரத்தில் பூங்காவின் பெயர் இல்லை, இந்த நாட்டில் நிரந்தரமாகவே இருக்கலாம். பணி மாற்றிக்கொண்டால் உடனே சுவரில் திருத்தச் சொல்லி உங்களை வெருட்டுவாள். வெருட்டட்டும். அவளுக்கு ஏன் அதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்காதீர்கள், எனக்கு வெட்கமாக இருக்கும்.

எனக்குத்தான் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இருபத்து நான்கு வருடத்தில் முதல் தடவை. நடுக்கதவு, தாழ்ப்பாள், கவனக்குறைவு, எல்லாம் சரியாக இருந்தது. சட்டம் போட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இரண்டிலும் ஒரே பணிப்பாளரின் கையெழுத்து. வீட்டுக்கு வருபவர்களிடம் மனைவி அதையும் பாராட்டுப் பத்திரம் என்கிறாள். பிரெஞ்சில் இருப்பதால் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கடிதத்தில் திகதி பிழை. குட்டியின் காது வெளியே தெரிவதற்கு ஒன்பது நாள் முந்திய திகதியைப் போட்டிருக்கிறார்கள். அதன்படி பார்த்தால், யாருக்கும் எதுவும் தெரியவருவதற்கு முன்பே நான் எச்சரிக்கப்பட்டுவிட்டேன். கடிதத்தைக் கையில் வாங்கிய நிமிடமே அதைக் கண்டுவிட்டேன். பேனாவும் சட்டைப்பையில் இருந்தது.

திருத்தச் சொல்லவில்லை.